கடைசி அசை

மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப்
பையப்பனஹள்ளியில் இறங்குகிறேன் தினமும்.
நடுவில் பங்காருப்பேட்டை, மாலூர், வைட்பீல்டு.
உதடு ஒட்டாமல் சொல்ல
டேக்கல் ஒன்றுதான் தேறும்.

இதைக் கவனித்தது போன ஜூலையில்,
ஓனைடா மொழியின் அகராதி
எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தபோது.
அந்த மொழியில் ப இல்லை, ம இல்லை.
இதழகல் பாட நம் புலவர்கள்
வேர்த்து விறுவிறுத்த வித்தையை
அங்கே காய் வாங்கப் போகிறவர்
போகிறபோக்கில் செய்கிறார்.

என் பெயர் அமலோற்பவம்.
திறந்து மூடித் திறந்து மூடி
எத்தனை கதவு.
அமெரிக்காவிலிருந்து ஜோலின் எழுதினாள்:
பழைய மேரிகள் எங்கள் வாயில் வாலி ஆனார்கள்,
நீங்கள் என்னவாகியிருப்பீர்களோ.

ஓனைடாவிலிருந்து ஆங்கிலம்
அவர்கள் எழுதி முடித்தது.
ஆங்கிலத்திலிருந்து ஓனைடாவுக்குத்
திருப்பிப் போடுவது எங்கள் வேலை.
சட்டையைப் புரட்டுகிற மாதிரிதான் என்றார் கிரிதரன்.
புரட்டினால் தையல் தெரியும் என்று சொல்லவில்லை.
'போ' என்கிற சின்ன ஆங்கிலச் சொல்லைத் தட்டினால்
ஒன்றரைப் பக்கம் எழுந்து வருகிறது.
'அம்மா'வுக்கு நேரே வெறும் கட்டம்.

அக்னுல்ஹா: எனக்கு அவள் அம்மா.
யாருக்கு என்று சொல்லாமல்
அம்மாவைச் சொல்ல அங்கே வழியில்லை.
மென்பொருள் சிவப்பில் கத்தியது,
பெயர்ச்சொல் தேவை, பிழை பதினான்கு.
"எதையாவது போட்டுட்டுப் போம்மா" என்றார் கிரிதரன்.
அந்த 'ம்மா' எனக்கும் இல்லை, எவருக்கும் இல்லை.
நம்மிடம் அது நடக்கும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
கோப்பை மாற்றியதில் அடிக்கோடுகள் உதிர்ந்துபோயின,
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சொற்களில்
கடைசி அசையின் கீழிருந்து.
அலங்காரம்தானே என்றிருந்தோம்.
ஜோலின் அனுப்பியது இரண்டே வாக்கியம்:
அது கோடில்லை.
கிசுகிசுப்பு.

பேச்சை நிறுத்துகிற இடத்தில்
கடைசி அசையைக் குரல் கைவிடும், வெறும் மூச்சுதான் வரும்.
நிறுத்தாமல் அடுத்த சொல்லுக்குப் போனால்
அதே அசை முழுக்குரலில் நிற்கும்.
ஒரு சொல்லுக்கு இரண்டு முடிவு.
இரண்டையும் அச்சிட வேண்டும்.

ஷீபாவும் நானும் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாகக் கோடு போட்டோம்.
கீழே பானிபூரிக்காரன் கரண்டியால் தட்டுகிறான்,
ஆறு நிமிஷத்துக்கொரு மெட்ரோ.
காதுக்குள் ஒருவர் கரடி என்கிறார், நிறுத்துகிறார்.
நிறுத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு காற்று.
காற்றா எங்கள் மின்விசிறியா என்று சந்தேகம் வந்து
விசிறியை அணைத்துவிட்டு மறுபடி கேட்டோம்.
கழுத்தில் வேர்வை.
முப்பத்தொரு சொற்களுக்கு
கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பினோம்.

குற்றியலுகரம், எட்டாம் வகுப்பில்
எனக்கு நான்கு மதிப்பெண் போன இடம்.
காசு, பேச்சு, வீடு, எஃகு.
உதடு குவியாத உ, அரை மாத்திரை.
சாம்பியன் ரீஃப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன்.
காதால் கேட்டது இந்த மூன்றாம் மாடியில்,
வேறொரு மொழியின் வாயிலிருந்து.

இரவு வண்டியில் நின்றுகொண்டே வந்தேன்.
ஜன்னலோரத்து ஆள் போனில்
"டேக்கல் தாண்டல இன்னும், வந்துட்டு" என்றார்.
சிக்னல் போய்விட்டது.
போனைப் பார்த்தார், காதில் வைத்தார், பார்த்தார்.
அந்த 'டு' பாதி மூச்சில் நின்றிருந்தது.
மாலூர் விளக்குகள் பின்னால் போயின.
அவர் மேலே பேசட்டும் என்று
நானும் காத்திருந்தேன்.