வருகையின் நோக்கம்

ஜெமினி பாலத்தின் கீழே
பழரசக் கடைக்கும் பூட்டு ரிப்பேருக்கும் நடுவில்
எட்டடிக்கு ஆறடி என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், விசா படிவம்.
படிவத்துக்கு முந்நூறு ரூபாய்.
தூதரகத்துக்குள் போகிறவர்களின்
செல்போனைப் பார்த்துக்கொள்ள இருபது.

கொளத்தூரிலிருந்து வந்திருந்தார்கள்
ஏகாம்பரமும் சற்குணமும்.
அவர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர்.
திரும்பி வருவோம் என்பதற்கான சான்றுகளை
மஞ்சள் பையிலிருந்து எடுத்து அடுக்கினார்.
வீட்டு வரி ரசீது,
பென்ஷன் புத்தகம்,
வங்கியில் போட்ட மூன்று டெபாசிட்,
எதற்கும் இருக்கட்டும் என்று
கேஸ் இணைப்பு அட்டை.
"மாடியில வடகம் காயுது,
அதையும் எழுதிக்கம்மா" என்றார் அந்த அம்மா.
அதற்குக் கட்டம் இல்லை.

குடும்பப் பெயர் என்ற இடத்தில்
வழக்கம்போல் நின்றோம்.
நமக்கு இருப்பது
ஓர் இனிஷியலும் ஒரு தலையெழுத்தும்.
பாஸ்போர்ட்டில் இருந்தபடி அடித்தேன்:
அவருக்கு அவர் அப்பா கன்னியப்பன்,
செங்கல்பட்டைத் தாண்டாதவர்.
அம்மாவுக்கு ஏகாம்பரம்.
"அப்ப இந்த ஒரு ஆள்தான் என் குடும்பமா?"

அடுத்து, வருகையின் நோக்கம்.
"ஆவணியில பொண்ணுக்குப் பிரசவம்.
நாப்பது நாள் பத்தியம் வைக்கணும்.
பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க அங்க யாரு இருக்கா?"

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.
அம்மா, அதைச் சொல்லாதீங்க.
பிள்ளையைப் பார்த்துக்கொள்வது
அங்கே ஒரு வேலை,
மணிக்கு இத்தனை டாலர்.
சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

பூண்டுக் குழம்புக்குக் கூலி பேசியவளைப் போல
என்னைப் பார்த்தார்.

வேறு வழி இல்லையா என்றார் அவர்.
இருக்கிறது.
மகள் அந்த ஊர்க் குடிமகள் ஆனால்
பச்சை அட்டை கேட்கலாம்,
அதற்கு அவள் ஆகவேண்டும் முதலில்.
வேறொரு நாட்டில் பெற்றோருக்கென்றே விசா,
காப்பீட்டுக்கு மட்டும் ஒரு சின்ன நகைக்கடை தேவை.
இன்னொரு நாட்டில் பெற்றோர் வரிசை
முப்பது வருஷம் நீளம் என்கிறார்கள்.
விரல் விட்டு எண்ணினார்.
"அப்ப எனக்குத் தொண்ணூத்தெட்டு.
ஜன்னலோரம் கெடைக்குமா?"

ஆகவே சுற்றுலா.
என்ன பார்க்கப் போறீங்க, சொல்லுங்க?
"அருவி."
என்ன அருவி?
நயாகரா.
மூன்றாவது முறை அது நாயக்கர் ஆனது.
ஐந்தாவது முறை
"குத்தாலத்துக்கே இவர் கூட்டிட்டுப் போனதில்ல" என்றார்.

வைகாசி, நேர்காணல் நாள்.
ஏழரைக்கே போனைக் கொடுத்துவிட்டு
வெயிலில் வரிசையில் நின்றார்கள்.
என் அலமாரியில் அன்று பதினான்கு போன்கள்.
அங்கே தூங்கும் நேரம், யாரும் தூங்கவில்லை.
ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன
மகன்களின் முகங்கள், மகள்களின் முகங்கள்.
செந்தாமரை மட்டும் ஒன்பது தடவை.
நான் எடுப்பதில்லை.
என் கடைக்கு அது ஒன்றுதான் விதி.

பதினொன்றே காலுக்கு வந்தார்கள்.
அம்மாவின் முந்தானை நனைந்திருந்தது.
"என்ன பாக்கணும்னு கேட்டான்.
அருவின்னு சொல்ல வாயைத் திறந்தேன்,
குழந்தைன்னு வந்துடுச்சு.
கண்ணாடிக்குப் பின்னால ஏதோ சொன்னான்,
எனக்குக் காது அடைச்சுப்போச்சு.
இவரும் தலையாட்டிட்டு வராரு.
பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டாம்மா,
ரெண்டு பேரோடதும்."

ஏதாவது காகிதம் கொடுத்தானா?
இல்லை.
பாஸ்போர்ட் அவனிடம்தானே?
"அதான் சொல்றேனே."

வேண்டாம் என்றால் கையிலேயே கொடுத்துவிடுவான், அம்மா.
வைத்துக்கொண்டால்
வைத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

புரிய அரை நிமிஷம் ஆனது.
ஏகாம்பரம் முதலில் செய்தது
சட்டைப் பையில் இருபது ரூபாயைத் தேடியது.
அம்மா செய்தது
மேலே பார்த்தது, மேகத்தை.
"ஏங்க, வடகம்!"

பத்தாவது தடவையாகப் போன் எரிந்தது.