சந்தா பாக்கி இல்லை

ஞானத்தாயாக நிற்கத் தகுதி உண்டென்று
பங்கிலிருந்து கடிதம் வேண்டுமாம்.
சூரமங்கலத்தில் ஃபாதர்
பேரேட்டைப் புரட்டி
'சந்தா பாக்கி இல்லை' என்றார்,
முத்திரை குத்தினார்.
பூசைக்கு வருகிறாயா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
கிறிஸ்மஸுக்கு, பெரிய வெள்ளிக்கு,
கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு மெழுகுவத்தியோடு,
அப்புறம்
யாருமில்லாத செவ்வாய் மத்தியானங்களில்
மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார.

சேகோ ஆலையில் மாவின் ஈரப்பதம் அளப்பவள் நான்.
பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.
நரகத்தைப் பத்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டேன்.
மாதா கன்னிதானா என்பதை
மாதாவிடமே விட்டுவிட்டேன்.
ஆடியில் கோட்டை மாரியம்மன் கூழை
இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிப்பேன்.
ஆனாலும் ஏற்காட்டுப் பேருந்து
பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
லாரிக்கு ஒதுங்கியபோது
என் கை
என்னைக் கேட்காமல்
நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று போய் வந்தது.
மடியில் பை. பையில் பிளாஸ்க்.

மேலே தை மாதப் பனி.
சில்வர் ஓக் மரங்கள் பாதி வரைக்கும்தான் இருந்தன.
கோயிலுக்குள் தம்பி அருளப்பன்
இரவல் கோட்டில் விறைத்து நின்றான்.
கிளாடிஸின் கையில் நாற்பது நாள் பிள்ளை
இஞ்ஞாசி,
குல்லாவுக்குள் ஒரு மூக்கு மட்டும்.

'பசாசை விட்டுவிடுகிறீர்களா?'
விட்டுவிடுகிறேன்.
(என்னிடம் இருந்தால்தானே.)
'விசுவசிக்கிறீர்களா?'
எல்லாரும் சொன்னார்கள், நானும்,
பிறந்தநாள் பாட்டுக்கு வாயசைப்பவளைப் போல.
இரண்டாம் கேள்விக்குக் கொஞ்சம் சத்தம் வந்தது.
அது அப்பாவின் தொண்டை.
மூன்றாவது வருவதற்குள்
தொட்டித் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஃபாதர், ஒரு நிமிஷம்.

பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினேன்.
ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது.
உபதேசியார் முகம் சுளித்தார்.
வளையலை மேலே தள்ளி
முழங்கையை முக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.
போதும்.
ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
தண்ணீரை மறுபடி மந்திரித்தார்.

'விசுவசிக்கிறீர்களா?'

இப்போது பிள்ளையின் தலை என் உள்ளங்கையில்,
உச்சிக்குழி துடித்துக்கொண்டிருக்க.
விசுவசிக்கிறேன் என்றேன்,
கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி.
எதை என்று அவர் கேட்கவில்லை.

மூன்று முறை ஊற்றினார்.
வெந்நீர்தான்.
ஆனாலும் அழுதான்.