எடைமேடை

மில் வாசலில் எடைமேடை என் வேலை.
காயோடு ஏறும் லாரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டு இறங்கும் லாரிக்கு ஓர் எண்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் காசு.
பதினேழு வருடம். ஒரு கிலோ பிசகியதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தை
எதில் வைத்து நிறுப்பது என்றுதான் தெரியவில்லை.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி. இடது மார்பு.
ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம்.
வெள்ளி, காலை எட்டு மணி, அடையாள அட்டையோடு.
கையெழுத்துக்குக் கீழே ஒரு ரப்பர் முத்திரை,
எடைச்சீட்டில் நான் குத்துவதைப் போலவே.

தங்கச்சி பவளமணியிடம் சொல்லவில்லை.
சொன்னால் அழுவாள்; அப்புறம் நான் தேற்ற வேண்டும்.
இரண்டு நாளாகப் பதிவேட்டில் தேதி எழுதும் இடத்திலெல்லாம்
வெள்ளி, வெள்ளி என்றே எழுதி அடித்தேன்.
லாரி ஆ கியோங் மட்டும் கேட்டான்,
"என்ன அக்கா, முகம் காலி லாரி மாதிரி?"
பாதிக்குலை பழுக்கவே இல்லை என்று
அவனைத் திட்டி அனுப்பினேன்.

வியாழன் ஷிப்ட் முடிய இரவு பதினொன்றரை.
பகாவ் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை,
மோட்டார் விளக்குக்கு விலகி விலகி
பின்னால் மூடிக்கொண்டே வந்தது.
ஐந்தாம் கட்டையில் வண்டி தானாக நின்றது என்றால் பொய்.
நான்தான் நிறுத்தினேன்.

முனியாண்டி கோயில்.
கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம்,
கால் ஒடிந்து செங்கல்லில் நிற்கும் வெள்ளைக் குதிரை.
பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியாக வரும்போது
கண்ணை மூடிக்கொண்டு ஓடுவோம்.
அந்த மீசை. அந்த அரிவாள்.
பயத்தை விரட்டு என்று இவரிடம் எப்படிக் கேட்பது?
நான் முதன்முதல் பயந்ததே இவரைப் பார்த்துத்தானே.

பல்பு எரியவில்லை. வயரை வெட்டியிருந்தார்கள்.
கைப்பேசி வெளிச்சத்தில் சுருட்டைப் பற்றவைத்து
காலடியில் வைக்கக் குனிந்தபோது தெரிந்தது,
தூணில் ஒட்டியிருந்த காகிதம்.

நில அலுவலகம். லாட் எண்.
அகற்றப்பட வேண்டிய கட்டடம்.
தேதி.
கீழே ஒரு ரப்பர் முத்திரை.

ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
"உனக்குமா" என்றேன்.

கட்டி ஒன்றுமில்லை என்று வரட்டும், பால்குடம் எடுக்கிறேன்,
கிடா வெட்டுகிறேன், குதிரைக்குக் கால் வைத்துத் தருகிறேன் என்று
வழி முழுக்க அடுக்கி வந்த பேரம்
அந்தக் காகிதத்தின் முன்னால் வாயைவிட்டு வரவில்லை.
அவரோ விழித்த கண் விழித்தபடி
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தேதி போட்டது தனக்கில்லை என்பது போல.
காவல்காரன். இருக்கிற வரைக்கும் காவல்.

சுருட்டு பாதி எரிந்திருக்கும்.
"பயப்படாதே, நான் இருக்கிறேன்"
என்று யாரோ சொன்னார்கள்.
என் குரல்தான்.
அவருக்குத்தான் சொன்னேன்.
சொன்ன வாய் மூடுவதற்குள் என் காதில் விழுந்துவிட்டது.
அப்படி ஒரு சொல் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.
யார் எப்போது வைத்துவிட்டுப் போனது?

எழுந்தபோது முழங்காலெல்லாம் சாம்பல்.
சட்டைக்கு மேலே தொட்டுப் பார்த்தேன்.
கட்டி அங்கேயேதான் இருந்தது, கடலைப்பருப்பளவு.
பயமும் எங்கேயும் போய்விடவில்லை,
குதிரை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

மோட்டாரை எடுத்தேன்.
பின்சீட்டில் ஆள் ஏறினால்
டயர் கொஞ்சம் அமுங்குமே, அப்படி அமுங்கியது.
பதினேழு வருடமாக எடை பார்ப்பவள் சொல்கிறேன்:
வரும்போது இருந்ததைவிட
போகும்போது கூடியிருந்தது.

விடிவதற்கு முன் பவளமணியை எழுப்பினேன்.
சிரம்பானுக்கு வா என்றேன்.
எதற்கு என்றாள். சொன்னேன்.
நினைத்த மாதிரியே அழுதாள்.
தேற்றினேன்,
அதே சொல்லைச் சொல்லி.