தூக்குநூல்

மூஸ் வேட்டைக்கு இன்னும் மூன்றே நாள்.
சமையலறை மேசையில், இரண்டு மாவுப் பைகளுக்கு நடுவே,
போல்ட் கழற்றிய துப்பாக்கி.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும்
ஸ்கோப்பை வளையத்துக்குள் மெல்ல உருட்டி
அதன் செங்குத்துக் கோட்டை
ஜன்னலுக்கு வெளியே, சௌனாக் குடிலின் மூலையோடு
பொருத்தினேன்.
பொருந்தியது.

ஓஸ்மோ நம்பவில்லை.
தூண்டில் நூலில் ஒரு நட்டைக் கட்டி
பிர்ச் கிளையில் தொங்கவிட்டு வந்தான்.
காற்று ஓயவேண்டும். காப்பி ஆறிப்போனது.
நூலுக்கும் கோட்டுக்கும் நடுவே
நகக்கீற்றளவு வெளிச்சம்.

கோணல் ஸ்கோப்பினுடையது அல்ல,
சௌனாவிடம் கற்றுக்கொண்டது.
பன்னிரண்டு வருஷமாக அதற்குள் வியர்த்தபடி
நேராக உட்கார்ந்திருப்பதாக நினைத்திருக்கிறோம்.

ஐம்பது மீட்டரில் இது தெரியாது.
முந்நூறுக்கு ஏற்றிவைத்தால் குண்டு ஒதுங்கும்.
விலாவில் பட வேண்டியது வயிற்றில் படும்,
சதுப்பில் இரவெல்லாம் நாய் தேடும்.
போன வருஷம் தேடியது.
நான் சுட்டதுதான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திருகுகளை மாற்றி மாற்றி, கால் சுற்று, கால் சுற்று.
இறுகும்போதும் மயிரிழை திரும்பப் பார்க்கிறது.
தளர்த்தி, மறுபடியும்.

ஓஸ்மோ ஜாக்கியோடு சௌனாப் பக்கம் நடக்கிறான்.
போல்ட் மேசையில்தான் கிடக்கிறது.
ஆனாலும் கத்துகிறேன்:
கோட்டுக்குக் குறுக்கே போகாதே.