மஞ்சள் கோடு

பணகுடிக்குத் தெற்கே
நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள்.
ஊருக்கு எல்லாம் ஒரே பேர்தான், காத்தாடி.
எனக்கு அப்படியில்லை.
திரையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சூடு,
தனியாக ஒரு முனகல்.

ஆனிக் காற்று கணவாயைப் பிய்த்துக்கொண்டு வந்த ராத்திரி
முப்பத்தொன்றின் கியர்பெட்டி கொதித்தது.
அதை மட்டும் நிறுத்தத்தான்
அதன் பேரைச் சொல்லி, ஒரு புள்ளி வைத்து,
உச்சவேகம் பூஜ்யம் என்று எழுதினேன்.
அடியில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.
சிவப்பு இல்லையே என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தொன்று நின்றது.
எட்டு நின்றது. நூற்றொன்று. அறுபது.
ஞானதிரவியம் அண்ணன் போனில் கத்தினார்:
"என்னம்மா செஞ்சிய? காத்தாடி பூரா நின்னுட்டே!"
காற்று மட்டும்
வேலையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

உச்சவேகம் முப்பத்தொன்றின் சொத்தே இல்லை.
காத்தாடி என்ற வகுப்பின் சொத்து.
வகுப்பு.
நிரல் பாடத்திலும் அந்தச் சொல்தான்,
தாலுகா ஆபீஸ் சான்றிதழிலும் அந்தச் சொல்தான்.
நான் கூப்பிட்டது ஒன்றை, திரும்பியது அத்தனையும்.
இன்னும் கேளுங்கள்:
முப்பத்தொன்று என்ற பேருக்குப் பின்னால்
ஒரு காத்தாடியும் இல்லாமல்
வெறும் பேர் மட்டும் இருந்திருந்தாலும்
அந்த வரி இப்படியேதான் ஓடியிருக்கும்.

போன வாரம் வள்ளியூரில் வீடு பார்க்கப் போனேன்.
பேர் கேட்டார் வீட்டுக்காரர்.
தெய்வக்கனி என்றேன்.
"நீங்க எந்தப் பக்கம்?"
கீழப்பாவூர்.
"அதில்லம்மா..."
கண் என்மேல்தான் இருந்தது.
கேள்வி என் தலைக்கு மேலே போய்
வேறு எதன் கதவையோ தட்டிக்கொண்டிருந்தது.
நான் அங்கே நிற்காவிட்டாலும்
அவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
யோசிக்க வேண்டியவள் நானா அவரா, தெரியவில்லை.

விடியுமுன் திருத்தினேன்.
எல்லாவற்றுக்கும் ஆனதை
வகுப்பின் பேரிலேயே எழுதினேன், ஒருத்தர் தோளில் கை போட்டுச்
சொல்லுவதுபோல் நடிக்காமல்.
முப்பத்தொன்றுக்கு அதற்கென்றே ஒரு வேகம்.
முப்பிடாதி ஸ்பானரைக் கடித்துக்கொண்டு அதில் ஏறும்போது
மற்ற நூற்றுப் பதினொன்றும் சுற்றிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு அந்த வீட்டுக்கு போன் பண்ண வேண்டும்.
என்னைக் கேட்டால் என்னிடம் இருப்பதைச் சொல்லுவேன் அண்ணாச்சி:
ரெண்டாம் ஷிப்டு.
ராத்திரி ரெண்டு மணி ஆகும் வர.
என் ஸ்கூட்டருக்கு சைலன்சர் ஓட்டை.