சும்மா நிற்றல்

ராத்திரி பத்தே முக்காலுக்குக் கச்சான் முற்றியது.
அதற்குள் மூன்றாம் சுருக்குப் போட்டிருக்க வேண்டும்.
பாயைச் சுருக்கலாமா என்று முதல்முறை தோன்றும்போதே
சுருக்கிவிட வேண்டும் என்பாள் ரிஃபாயா.
எனக்குத் தோன்றியது ஒன்பதுக்கு.
அப்போது ரவை வறுத்துக்கொண்டிருந்தேன்.

'கொடுவா' முப்பத்தாறு அடி.
பாதி எனது, பாதி அவளது.
எந்தப் பாதி என்று பிரித்துக்கொண்டதில்லை.
அணியம் மொத்தமாய்த் தண்ணீருக்குள் போனபோது மட்டும்
அது அவளுடைய பாதி என்று நினைத்துக்கொண்டேன்.

இடுப்புவார்க் கொக்கியை மாட்டிக்கொண்டு
பாய்மரத்தடிக்கு முட்டிபோட்டுத்தான் போக முடிந்தது.
தாமான் கயிறு ஒரு வீச்சு வீசி
என் கண்ணாடியை எடுத்துக்கொண்டது.
அதன்பிறகு எல்லா அலையும் ஒரே உயரம்.

கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது
வடக்கே மஞ்சளாய் ஒரு கசிவு:
கீழக்கரை.

"போயிரலாம் ரிஃபா" என்றேன்.
பன்னிரண்டு மைல், பின்காற்று, இரண்டு மணி நேரம்.
உன் அண்ணன் வீடு. வெந்நீர். ஆடாத தரை.

வாயில் கவ்விய டார்ச்சை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.
பிறகு எடுத்தாள்.
"அந்த வெளிச்சத்துல எங்க வீட்டு மாடி பல்பும் இருக்கு.
பாறு எங்க, மடை எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.
பகல்ல.
இப்ப அதுக்கு முன்னால பூரா வெள்ளையா உடைஞ்சுக்கிட்டிருக்கும்.
ஊரு எங்கயும் போயிராது ஜெசிந்தா.
காலையில பாத்துக்கலாம்."

நனைந்த வரைபடத்தில் பென்சில் ஏறவில்லை;
உள்ளங்கையில் பேனாவால் போட்டாள்.
காற்று தள்ளும் பக்கம்
வாலைத் தீவுப் பாறுவரை பதினொரு மைல்.
நின்றால் மணிக்கு ஒன்றரை மைல் நழுவுவோம்.
ஏழு மணி இருபது நிமிஷம்.
இப்போது பதினொன்றேகால். விடிவது ஆறுக்கு.
மீதி முப்பத்தைந்து நிமிஷம்.
ஆறாம் வகுப்பில் நான் அழுது எழுதிய வகுத்தல்,
இத்தனை வருஷம் கழித்து
இந்த மீதிக்காக அதை மன்னித்தேன்.

முன்பாயைத் தப்பான பக்கம் இழுத்துக் கட்டினோம்.
சுக்கான் பிடியைக் காற்றின் மறைவுக்குத் தள்ளி
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
விலகிப் போ என்றது முன்பாய்.
காற்றைப் பார்த்துத் திரும்பு என்றது சுக்கான்.
இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு
கொடுவா
சும்மா இருந்தது.

காற்று குறையவில்லை. ஊளை அதே ஊளை.
ஆனால் கரண்டி, வைத்த இடத்தில் கிடந்தது.

படகு பக்கவாட்டில் நழுவிய தடம்
காற்று வரும் பக்கம் மழமழவென்று விரிந்து கிடந்தது.
உடைய வந்த அலை அதில் கால் வைத்து
உடைய மறந்து
எங்களை ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டுப் போனது.

ஒரு மணிக்குப் பாதி வறுத்த ரவையைக் கிண்டி
சட்டியிலிருந்தே தின்றோம்.
உப்பு போட்டேனா என்று கேட்டாள்.
கடல் போட்டது என்றேன். அவள் சிரிக்கவில்லை,
தூங்கிவிட்டிருந்தாள்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
அதற்கு நான் தேவைப்படவே இல்லை.
வேலை இருக்கும்போது பயம் ஓடி ஓடிக் கயிறு பிடிக்கும்.
வேலை இல்லாத பயம்
ஈரச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து
கொட்டாவி விட்டது.

இரண்டு பத்துக்கு போன் சிணுங்கியது.
இராமநாதபுரம் மாவட்டத்தில் அடுத்த மூன்று மணி நேரத்தில்
பலத்த காற்று வீசக்கூடும்.
மூக்கருகே வைத்துக்கொண்டு
அந்தக் 'கூடும்' மேல் விரலை வைத்திருந்தேன்.
பின்னாலேயே இன்னொன்று:
இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது.

நாலரைக்குக் காற்று தணிந்தது.
ஐந்தே முக்காலுக்குப் பாறு எங்கே என்று பார்த்தோம்,
அதாவது அவள் பார்த்தாள்.
இன்னும் நாலு மைல் என்றாள்.
கணக்கைவிட மெதுவாகவே நழுவியிருக்கிறோம்.

உப்பேறி இறுகிய முடிச்சை
முள்கரண்டியால் நெம்பிக்கொண்டிருக்கையில்
பெரியபட்டினம் வள்ளம் ஒன்று கிட்டே வந்தது.
"என்னம்மா, எஞ்சின் ரிப்பேரா?"
"இல்லண்ணே. நின்னுக்கிட்டிருந்தோம்."
"ராத்திரி பூராவா?"
"ராத்திரி பூரா."
அவர் உடன் வந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
என்னிடம் கண்ணாடி இல்லை.