மோட்டுக்குக் கீழே ஒரு சாண்

சேரம்பாடிக்கு மார்கழி
மேலிருந்து இறங்குவதில்லை.
தாளூர்ப் பள்ளத்திலிருந்து ஏறி வரும்,
ஈரமாய், கால்விரல் வழியாக.
செக்போஸ்டுக்கு அந்தப்பக்கமும் இதே பனிதான்.
அங்கே கொட்டகைக்கு ஓடு.
எனக்குத் தகரம்.

குழுக்கடனில் வாங்கியது நாலு தாய்ப்பன்றி.
மூக்கோரம் கருப்புப் புள்ளி உள்ளவள்
பதினோரு குட்டி ஈன்ற ராத்திரி
அருளப்பன் ஜீப்போடு பத்தேரியில் மாட்டிக்கொண்டான்.
குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றேறி
ஒரே குவியலாய் நடுங்கின.
அடியில் போனதுக்கு மூச்சில்லை,
மேலே ஏறியதுக்குச் சூடில்லை.

எனக்குத் தெரிந்தது அடைப்பதுதான்.
கோணி, உரச்சாக்கு, கிழிந்த தார்ப்பாய்,
டெபாசிட் இழந்த வேட்பாளரின் பத்தடி பிளெக்ஸ்.
கூப்பிய கையோடு அவர்
பன்றிகளைப் பார்த்து நிற்கும்படி கட்டினேன்.
ஆணி ஓட்டைக்குக்கூடச் சோப்பு அப்பினேன்.
நூறு வாட் பல்பு
கரண்ட் இருந்தவரை எரிந்தது.

விடிந்து கதவைத் திறந்தால்
மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கினதுபோல்
மூத்திர நெடி.
தகரம் வியர்த்து
வைக்கோல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
தாய்க்காரி பீடி குடிப்பவள்போல இருமினாள்.
ஒன்பதுதான் எழுந்தன.

காப்பிச் செடிகளுக்கு அப்பால்
சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம் ரெண்டையும்.
“பனி தின்னுடுச்சு” என்றான் அருளப்பன்.
முதுகைத் தடவிய என் கைக்குத் தெரியும்:
மயிரெல்லாம் ஈரம்.
பனியை நான் வெளியே நிறுத்திவிட்டு
அவற்றின் மூச்சையே
அவற்றின்மேல் மழையாய்ப் பெய்யவிட்டிருந்தேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம்
மாதா படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியில் ஒன்றைக்
கொளுத்திக்கொண்டு கொட்டகைக்குள் குனிந்தேன்.
பக்கத்து லயத்து செபஸ்தியம்மாள் எட்டிப் பார்த்து
“பன்னிக்குப் பூசை போடுறியா புஷ்பலீலா?” என்றாள்.
போடுகிறேன் என்றேன்.

குட்டி படுக்கும் உயரத்தில் புகை ஆடக்கூடாது.
கதவடியில் ஆடியது.
அங்கே ஒரு பலகை.
தலைக்கு மேலே புகை நிற்கக்கூடாது.
நின்றது.
பால்கணக்கு எழுதாமல் தூங்கும் சொசைட்டி கிளார்க் மாதிரி
அசையாமல் நின்றது.

ஏணி போட்டேன்.
காற்று அடிக்காத கிழக்குப் பக்கம்
மோட்டுக்குக் கீழே ஒரு சாண்,
நீளத்துக்கும்.
அதற்கு வேட்பாளரின் நெற்றியை
புருவம்வரை வெட்ட வேண்டியிருந்தது.
மன்னிக்கணும் அண்ணே.
இடுப்புக்குக் கீழே எதையும் அவிழ்க்கவில்லை.

அய்யன்கொல்லி மில்லில் ரெண்டு மூட்டை மரத்தூள் சும்மா தந்தார்கள்.
அதன்மேல் காய்ந்த புல், முழங்கை மூழ்கும் அளவு.
மூலையில் தேயிலைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
வாசலுக்குச் சாக்கு தொங்கவிட்டேன்.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள்;
பன்றிக்குட்டிக்கு வயிறு.
வயிறு தரையின் ஈரத்தைத் தொடாவிட்டால்
மேலே ஒரு சாண் வானம்
அதை ஒன்றும் செய்வதில்லை.

ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் போனது.
டார்ச்சோடு ஓடினேன்,
குவியலைப் பார்க்கப்போகிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள.
குவியல் இல்லை.
பெட்டிக்குள் ஒன்பதும் தனித்தனியாய்,
காலை நீட்டி,
கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர்கள் மாதிரி.
மேலே, வெட்டிய நெற்றி வழியாக
வெள்ளையாய் ஆவி போய்க்கொண்டிருந்தது
தாளூர்ப் பக்கம்,
செக்போஸ்டில் யாரும் சீட்டு கேட்காமல்.

செவ்வாய்க்கிழமை தவணை.
கருப்புப் புள்ளிக்காரி இன்னும் இருமுகிறாள்.
படுக்கையிலிருந்தே எண்ணுகிறேன்.
முந்தாநாள் ஒன்பது தடவை.
நேற்று ஆறு.
இன்று இப்போதுவரை நாலு,
ஐந்தாவது
என்னுடையதாகவும் இருக்கலாம்.